எட்மோன் விட்டுவிட்ட இரண்டு வரிகள்

காரைக்கால்
27 அக்டோபர் 1927

தம்பி எட்மோனுக்கு,

கடிதத்தின் தலையில் வழக்கமாக எழுதும் சேசு மரி சூசையை இன்றும் எழுதப் பார்த்தேன். கை வரவில்லை.

உன் தந்தி முந்தாநாள் உச்சிவேளையில் வந்தது. மீன் அரிந்துகொண்டிருந்தவள் கை கழுவாமலே வாங்கிப் பிரித்தேன். "அப்பா காலமானார். எட்மோன்." மூன்று சொற்கள், அதில் ஒன்று உன் பெயர். பத்தொன்பது வருடம் காட்டிலாகாவில் காவலராக இருந்த மனிதர், நம் இருவரையும் பெற்றவர், எந்த நாளில், என்ன நோயில், யார் பக்கத்தில் இருக்க உயிரை விட்டார் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பாத்தியதை இல்லையா?

அழுதேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். இன்னும் அழவில்லை. எனக்குப் பதினோரு வயதில் குடற்காய்ச்சல் வந்ததே, நினைவிருக்கிறதா? நீ சின்னப் பிள்ளை. தைநின் பாதை முழுக்க வெள்ளம், வண்டி ஒன்றும் ஓடவில்லை. அப்பா காட்டிலிருந்து இரண்டு நாள் நடந்தே சைகோனுக்கு வந்தார். கால் இரண்டும் அட்டை கடித்து ரத்தமாக இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் என் தலைமாட்டில் உட்கார்ந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருகிற அப்பா, அந்தத் தடவை ஒன்பது நாள் இருந்தார். எனக்கு உடம்பு சரியானது வருத்தமாக இருந்தது. அந்த அப்பாவைத்தான் நீ மூன்று சொல்லில் முடித்துவிட்டாய்.

அவர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டார் என்று இந்த வருடத் தொடக்கத்தில் தெரிந்தது. ஏன் விட்டார் என்று நீ எழுதவில்லை. ஏழு மாதமாக எனக்கு அவரிடமிருந்து கடிதமும் இல்லை. உன்னிடம் கேட்டபோதெல்லாம் "நலமாக இருக்கிறார்" என்ற ஒரே வரி.

எல்லாவற்றையும் எழுது. அம்மா எப்படி இருக்கிறார்கள் என்றும் எழுது.

உன் அக்கா
ரோசாலி

*

சைகோன்
24 நவம்பர் 1927

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தந்தி சுருக்கமாக இருந்ததற்கு மன்னிக்கவும். அன்று எனக்கு வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

அப்பா அக்டோபர் மாதம் 23ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்தார். பழைய காட்டுக் காய்ச்சல்தான். மூன்று நாள் படுத்திருந்தார். வீட்டில், தம் கட்டிலில், அம்மா கையைப் பிடித்திருக்க அமைதியாகப் போனார். குருவானவர் வந்து சாவுக்கு முன் எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசினார். மறுநாள் மாலை அடக்கம் நடந்தது. காட்டிலாகாவிலிருந்து ஆறு பேர் சீருடையில் வந்தார்கள். நம் புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். மழை பெட்டியை இறக்கும்வரை காத்திருந்துவிட்டுப் பெய்தது.

வேலையை விட்டது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வயது ஐம்பத்தெட்டு. அவர் காவலிருந்த காப்புக் காட்டை அரசாங்கம் வேறு உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டது. ஆகவே அவர் ஓய்வு பெற்றார். கடைசிப் பத்து மாதமும் வீட்டில்தான் இருந்தார். காலையில் உலாவப் போவார். வந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பார். அம்மாவுக்குப் பல வருடமாகக் கிடைக்காதது கிடைத்தது என்றே நான் எண்ணுகிறேன்.

கல்லறைக் கல்லில் வெட்டுவதற்கு ஒரு வாசகம் எழுதியிருக்கிறேன். தங்கள் சம்மதம் வேண்டும்: "காடுகளைக் காத்தவர், குடும்பத்தை உயிராக நேசித்தவர், கப்ரியேல் இங்கே துயில்கிறார்." பிரெஞ்சிலும் தமிழிலும் வெட்டலாம் என்பது என் எண்ணம்.

அம்மா சுகம். தங்களை விசாரித்தார்கள். அத்தானுக்கு என் வணக்கம்.

தங்கள் தம்பி
எட்மோன்

*

காரைக்கால்
8 ஜனவரி 1928

எட்மோன்,

நேற்று பக்கீர் மைதீன் காக்கா வந்திருந்தார். சைகோன் ஆற்றங்கரையில் துணிக்கடை வைத்திருந்தாரே, அவர்தான். கடையை மருமகனிடம் விட்டுவிட்டுச் சென்ற வாரக் கப்பலில் ஊர் திரும்பியிருக்கிறார். துக்கம் விசாரிக்க வந்தவர் வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, ஒங்கப்பாவ ஆத்தங்கரையிலேருந்து தூக்குனதுல நானும் ஒரு ஆளு" என்றார்.

ஆற்றங்கரையிலிருந்து. கட்டிலிலிருந்து அல்ல.

நான் உன் கடிதத்தைக் கொண்டுவந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "தம்பி ஒங்க மனசு நோவக் கூடாதுன்னு எழுதியிருக்கும்" என்றார். உனக்காகப் பேசுகிறார் பார். பிறகு நான் விடாமல் கேட்டதால் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், பொய் இருந்தால் நீ திருத்து.

"காட்டக் காவல் காத்த கார்து ஐயா தெனமும் காலைல வந்துடுவாரும்மா. மேலேருந்து வெட்டுன மரத்தத் தெப்பமாக் கட்டி ஆத்துல வுடுவாங்கள்ல, அது வந்து ஒதுங்குற எடத்துல நிப்பாரு. எறங்கி ஒவ்வொரு மரத்தோட வெட்டுவாயையும் தடவிப் பாப்பாரு. 'பக்கீரு, இது ஓடைக்கு மேற்கால நின்ன சாவ் மரம். இதுல இருவாச்சி கூடு வச்சிருந்துச்சு. இது நான் வேலைக்கு வந்த வருசம் இடி வுழுந்தும் பட்டுப் போவாம பொழச்சது'ன்னு, சொந்தக்காரங்களச் சொல்ற மாரி சொல்லுவாரு. மரம் அறுக்குற ஆளுங்க மொதல்ல சிரிச்சாங்க. அப்பறம் யாரும் சிரிக்கல."

கடைசி மூன்று நாளும் காய்ச்சலோடு, மழையில் நனைந்துகொண்டு வந்தாராம். அந்த ஞாயிறு தெப்பத்தின் மேலே ஏறிப் படுத்திருக்கிறார். தூங்குகிறார் என்று கூலிகள் சுற்றி நடந்து வேலையைப் பார்த்திருக்கிறார்கள். பூசை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரத்துக்குத்தான் காக்கா போய்த் தொட்டிருக்கிறார். குருவானவர் எங்கே வந்தார், எட்மோன்? யாருக்கு அவஸ்தை பூசினார்?

இன்னொன்றும் சொன்னார். சொல்லத் தயங்கித்தான் சொன்னார். பத்து மாதமும் அப்பா உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று. "ஏன் காக்கா?" என்றேன். "அது ஒங்க வூட்டு விசயம்மா" என்று எழுந்துவிட்டார்.

அப்பா யாரோடும் பேசாமல் இருந்தவர் அல்ல. வீட்டுக்கு வருகிற அந்த ஒரு ஞாயிற்றில் மாதம் முழுக்கச் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசுவார். "மாதலேன், மூணாவது மேட்டுல எல்லா மரமும் பூத்துடுச்சு" என்று அடுப்பங்கரைக்குள் வந்து சொல்வார். அம்மா, "எனக்கென்ன வந்துச்சு" என்பார்கள். இருந்தும் சிரிப்பார்கள்.

நீ என்ன செய்தாய்? அதை எழுதும்வரை கல்லில் ஒரு எழுத்துகூட வெட்டாதே.

ரோசாலி

*

சைகோன்
12 பிப்ரவரி 1928

அக்கா,

பக்கீர் மைதீன் காக்கா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பொய் நான் எழுதியதில்தான். அப்பா அவஸ்தை பூசாமல் போனார் என்று தங்களுக்கு எழுத எனக்குத் தைரியம் இல்லை.

கேட்டீர்கள், எழுதுகிறேன். இந்தத் தடவை எதையும் விடமாட்டேன்.

தாங்கள் பத்தொன்பது வயதில் கல்யாணமாகிக் காரைக்காலுக்குக் கப்பலேறிவிட்டீர்கள். அப்பா காட்டில். இந்த வீட்டில் அம்மாவும் நானும்தான். ஒவ்வொரு மாதமும் அந்த ஞாயிற்றுக்காக அம்மா நான்கு நாள் முன்பே அரிசி புடைத்து வைப்பதையும், திங்கட்கிழமை விடியலில் அவர் போனபிறகு அவர் கழற்றிப் போட்ட காக்கிச் சட்டையிலிருந்து மரப்பிசின் கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கை சிவப்பதையும் பார்த்து வளர்ந்தவன் நான். தங்களுக்கு அவர் வெள்ளத்தில் நடந்து வந்த அப்பா. எனக்கு அவர் திங்கட்கிழமை போகிற அப்பா.

1925 ஆகஸ்டில் தாங்கள் எனக்கு எழுதிய கடிதம் என் மேசையில் இருக்கிறது. அதிலிருந்து அப்படியே எழுதுகிறேன்: "அப்பாவுக்கு இது நான்காவது காய்ச்சல். அம்மா அந்த வீட்டில் விதவை மாதிரி இருக்கிறார்கள். நீ காணி அலுவலகத்தில் இருக்கிறாய், பெரிய மனிதர்களைத் தெரியும். எப்படிச் செய்வாயோ, அப்பாவை அந்தக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவா. பாவமென்றால் என் மேல் இருக்கட்டும்."

நான் வெளியே கொண்டுவந்தேன்.

அந்த வருடக் கடைசியில் ஒரு ரப்பர் கம்பெனி அந்தக் காட்டைக் கேட்டு மனுப் போட்டது. காப்புக் காட்டைக் கொடுக்க வேண்டுமானால், அதில் இனிக் காப்பாற்றத் தக்க மரம் இல்லை என்று அறிக்கை வேண்டும். காட்டைப் பார்த்து எழுத வேண்டிய துரை சைகோனை விட்டு அசையவில்லை. கோப்பு என் மேசைக்கு வந்தது. அதே மாதம் அப்பா எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார், புயலில் மரம் சாய்ந்ததைச் சொல்லி, ஆள் அனுப்பச் சொல்லி மேலிடத்தில் பேச முடியுமா என்று கேட்டு. அதில் ஆறு வரி இப்படி இருந்தது:

"கிழக்குப் பக்கம் முழுக்கப் படுத்துவிட்டது.
பெரிய சாவ் மரங்களில் பாதி சாய்ந்தன.
நிற்பவற்றிலும் பல வேரில் ஆட்டம் கண்டுவிட்டன.
இன்று பார்க்கிறவர்கள் இதில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள்.
ஆனால் தரையெல்லாம் கன்று முளைத்திருக்கிறது, எட்மோன்.
பத்து வருடம் யாரும் தொடாமல் விட்டால் காடு தானாக எழுந்துவிடும்."

முதல் நான்கு வரியைப் பிரெஞ்சில் பெயர்த்து, "காவலரே தெரிவிப்பது" என்று தலைப்பிட்டுக் கோப்பில் சேர்த்தேன். மற்ற இரண்டு வரியை விட்டுவிட்டேன். காடு இல்லையென்றால் காவலர் எதற்கு? சைகோனுக்கு அழைத்துக்கொள்வார்கள், தாவரத் தோட்டத்தில் ஏதாவது வேலை கொடுப்பார்கள், தினமும் மாலையில் வீட்டுக்கு வருவார். சத்தியமாக இப்படித்தான் நினைத்தேன்.

1926 செப்டம்பரில் உத்தரவு வந்தது. அப்பாவைச் சைகோனுக்கு அழைக்கவில்லை. வெட்ட வேண்டிய மரங்களில் முத்திரை அடிக்கும் வேலையை அவரையே செய்யச் சொன்னார்கள். எந்தச் சுத்தியலால் பத்தொன்பது வருடம் காக்க வேண்டிய மரத்துக்கு அடையாளம் போட்டாரோ அதே சுத்தியலால். நவம்பர் முழுக்க அவர் ஒரு மரத்திலும் அடிக்கவில்லை. டிசம்பர் முதல் வாரம் ஒரு காலையில் சுத்தியலைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சேற்றுக் காலோடு. "காட்டைப் பார்க்காமல் யார் எழுதியது?" என்று துரையிடம் பிரெஞ்சில் கேட்டார். துரை கோப்பைத் திறந்து அந்தத் தாளை அவர் முன்னால் திருப்பி வைத்தார்.

நான் இரண்டு மேசை தள்ளி இருந்தேன். அப்பா படித்தார். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் தமிழில் கேட்டார்.

"இது ஒன் கையெழுத்தா?"

"ஆமாம்ப்பா."

"நான் எழுதுனதுல இதுக்குக் கீழ ரெண்டு வரி இருந்துச்சே."

நான் என் முன்னாலிருந்த தாளை ஒற்றினேன்.

"அத வுட்டுட்டே."

அவ்வளவுதான். சுத்தியலைத் துரையின் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என்னோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். வீட்டில் திட்டியிருந்தால், அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் உள்ளே வந்தால் சாப்பாட்டை அவசரமில்லாமல் முடித்துக்கொண்டு எழுந்துபோவார். அம்மா ஏன் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மாதலேன், களைப்பா இருக்கு" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், அக்கா. பாவம் யார் மேல்?

எட்மோன்

*

காரைக்கால்
20 மார்ச் 1928

எட்மோன்,

உன் கடிதத்தைப் படித்து ஒரு மாதம் கையில் வைத்திருக்க நினைத்தேன். நான்கு நாள்தான் முடிந்தது.

பாவம் என் மேல் என்று எழுதினேன். எழுதியது எழுதியதுதான். என் பங்கை நீ சொல்லித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் நான் கேட்டது அவரை வெளியே கொண்டுவர. அவர் வாயாலேயே அவர் காட்டுக்குச் சாவு சொல்ல வைக்கச் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையை நம்பி எழுதிய கடிதம் அது. அதைக் கத்தரித்துப் பெயர்த்துக் கோப்பில் வைத்தாயே, பெயர்க்கும்போது அவர் கையெழுத்து உன் கண்ணில் படவில்லையா?

எல்லாம் அம்மாவுக்காக என்கிறாய். சரி. உனக்குத் தனி அறையும் மேலே விசிறியும் கொடுத்திருக்கிறார்கள் என்று காக்கா சொன்னார். அந்தப் பதவி உயர்வு எந்த மாதத்தில் வந்தது? அதை மட்டும் எழுது. வேறு விளக்கம் வேண்டாம்.

இனி நான் சொல்ல வேண்டியது. உன் மேல் கல்லெறிந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ள மனசு வரவில்லை.

ஏழு மாதமாக அப்பாவிடமிருந்து கடிதமில்லை என்று உன்னைக் கேட்டேன் அல்லவா? அது ஏன் என்று எனக்குத் தெரியும். சென்ற வருடம் பிப்ரவரியில் அவர் எனக்கு எழுதினார். காடு பற்றி ஒரு சொல் இல்லை, உன்னைப் பற்றியும் இல்லை. "வேலையை விட்டுவிட்டேன். சைகோனில் இருக்க மனம் ஒப்பவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்து சில காலம் இருக்கலாமா? ஒரு மூலை போதும்." அப்பா எவரிடமும் எதுவும் கேட்டவரல்ல. என்னிடம் கேட்டார்.

நான் முடியாது என்று எழுதினேன், எட்மோன். அப்படிப் பச்சையாக எழுதவில்லை. மகன் தலையெடுத்து உத்தியோகத்தில் இருக்கும்போது பெற்றவர்கள் மகள் வீட்டுக்கு வந்தால் ஊர் என்ன பேசும், என் மாமியார் என்ன நினைப்பார்கள், எட்மோன்தானே உங்களுக்குத் துணை, அவனோடு இருங்கள் என்று இரண்டு பக்கம் அழகாக எழுதினேன். "அவனை விட்டால் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்றுகூட எழுதினேன். அதைப் படித்தபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு படுக்கிறேன், அதே நினைப்போடு எழுகிறேன். அதற்கு அவர் பதில் போடவில்லை.

நான் வரச் சொல்லியிருந்தால் அவர் தெப்பத்தில் கிடந்திருக்க மாட்டார்.

கல்லில் பெயரும் இரண்டு தேதியும் போதும். காத்தவர் என்றும் நேசித்தவர் என்றும் எழுத நமக்கு வாயில்லை.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாயோ மாட்டாயோ, உன் இஷ்டம்.

ரோசாலி

*

சைகோன்
2 ஜூன் 1928

அக்கா,

ஜனவரி. அப்பா சுத்தியலை வைத்துவிட்டுப் போன அடுத்த மாதம். நான் கேட்டு வாங்கவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை.

தங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். எப்போதும் தங்கள் கடிதத்தை நான்தானே படித்துக் காட்டுவேன், வேண்டாத இடத்தை விழுங்கிவிடுவேன். இந்தத் தடவை உட்கார்ந்ததும் அம்மா சொன்னார்கள்: "நீ படிக்கிறப்ப எங்கெங்க தாண்டுறேன்னு எனக்குத் தெரியும். ஒங்கொரலு மாறும். இன்னைக்குத் தாண்டாம படி." படித்தேன். என் பிப்ரவரிக் கடிதத்தில் இருந்ததையும் சொன்னேன்.

அம்மா எழுந்து விளக்கின் திரியைத் தாழ்த்தினார்கள். பிறகு, "நானுந்தான் கேட்டேன்" என்றார்கள். "காட்ட வுட்டுட்டு வாங்கன்னு வர்ற ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கேட்டேன். அந்தக் காடு எரிஞ்சு போவக் கூடாதான்னு ஒரு தடவ மொகத்துக்கு நேரா கேட்டேன். சோத்துல கைய வச்சவரு எடுத்துட்டாரு." அப்புறம், "அந்த எடத்தப் பாக்கணும். என்னக் கூட்டிட்டுப் போ" என்றார்கள். பத்தொன்பது வருடத்தில் அம்மா ஒரு தடவைகூட அங்கே போனதில்லை.

ஏப்ரல் கடைசியில் மோட்டார் வண்டியில் போனோம். குச்சி என்ற ஊரைத் தாண்டும்வரை வயல். அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்கள். காடு தொடங்க வேண்டிய இடத்தில் வெட்டவெளி தொடங்கியது. எரித்த அடிக்கட்டைகள், அவற்றுக்கு நடுவே கயிறு பிடித்து வைத்தாற்போல் இடுப்புயர ரப்பர்க் கன்றுகள், கண் போகிற மட்டும். அப்பா இருந்த மரவீட்டில் இப்போது மண்வெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். அம்மா வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். காலை வைக்கவில்லை.

பாதையோரம் தேநீர் விற்கிற ஓர் அன்னமியக் கிழவியிடம் உட்கார்ந்தோம். அம்மாவுக்குச் சந்தையில் பேசுகிற அளவுக்கு அவர்கள் பாஷை வரும். யாரென்று கேட்டாள். கார்துவின் மனைவி என்று அம்மா சொன்னார்கள். அவள் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அந்தக் கார்துவா? ஒரு சுமை விறகுக்காக என் மகனை எட்டு நாள் அடைத்தவர். என் வண்டியைப் பிடுங்கியவர். பிரசவத்துக்கு வெந்நீர் வைக்க விறகில்லாமல் இருந்தோம், காலில் விழுந்தேன். சட்டம் என்றார்." கிண்ணத்தை எடுத்துத் தேநீரை ஊற்றிக்கொண்டே, "இப்போது முழுக் காட்டையும் வெட்டிவிட்டார்கள். அதற்கு யாரை அடைத்தார்கள்? என் மகன் இங்கேதான் குழி வெட்டுகிறான்" என்றாள். அம்மா தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள். எழுந்து அந்தக் கிழவிக்குக் கைகூப்பினார்கள். அவள் பார்க்காத மாதிரி அடுப்பை ஊதினாள்.

திரும்பும் வழியில் சொன்னார்கள்: "அந்தப் பொம்பளைக்கும் நல்லவரா இல்ல. நமக்கும் பக்கத்துல இல்ல. அம்புட்டையும் அந்த மரத்துக்குத்தான் குடுத்தாரு. அதையும் நாம வுட்டு வைக்கல."

வீட்டுக்கு வந்த மறுநாள் காரைக்காலுக்குப் போகிறேன் என்றார்கள். நான் தடுத்தேன். "கோவமில்ல எட்மோன். ஒனக்குச் சோறு போடத்தான் பாக்குறேன். கரண்டிய எடுக்குறேன், திரும்ப சட்டியிலயே வச்சுடுறேன். முடியல" என்றார்கள். ஜூலை கடைசியில் புறப்படும் கப்பலுக்குச் சீட்டு வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை வரச் சொல்வதா வேண்டாமா என்று தங்களைக் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று. போன வாரம் வேறொரு காப்புக் காட்டின் கோப்பு என் மேசைக்கு வந்தது. அதே மாதிரி மனு, அதே மாதிரி பார்க்காத அறிக்கை. இந்தத் தடவை அந்தக் காவலரின் கடிதம் முழுவதையும், ஒரு வரி விடாமல், பெயர்த்து வைத்தேன். காடு நன்றாக இருக்கிறது, கொடுக்கக் கூடாது என்று என் குறிப்பையும் எழுதினேன். துரை படித்தார். கோபிக்கவில்லை. கோப்பை எடுத்துப் பக்கத்து அறைக்காரனிடம் கொடுத்தார். அவன் உச்சிவேளைக்குள் முடித்துவிட்டான்.

எட்மோன்

*

காரைக்கால்
24 அக்டோபர் 1928

தம்பி எட்மோனுக்கு,

அம்மா வந்து இரண்டு மாதமாகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. கொல்லையில் நிற்கிற மரம் என்ன மரம் என்று என் பிள்ளைகள் கேட்டால், "எனக்குத் தெரியாது, அதெல்லாம் கேக்காதீங்க" என்கிறார்கள். என் மாமியார் நான் பயந்த மாதிரி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தம் அறையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஊர் ஒரு வாரம் பேசியது, பிறகு வேறு ஏதோ பேசப் போய்விட்டது. இவ்வளவுக்குத்தான் பயந்தேன்.

உன்னைப் பற்றி அம்மா பேசுவதில்லை. ஒரு நாள் மட்டும், "அந்த வூட்ல அவன் தனியா இருப்பான்" என்றார்கள். நான் "ஆமாம்" என்றேன். அதோடு விட்டுவிட்டோம்.

நேற்று அப்பாவுக்கு வருடப் பூசை வைத்தோம். பூசையைக் கொடுப்பவர்கள் யார் என்று குருவானவர் கேட்டார். அவரிடம் சொல்லும்வரை நான் முடிவு செய்திருக்கவில்லை. மாதலேன், ரோசாலி, எட்மோன் என்று மூன்று பெயரையும் கொடுத்தேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அவர் சாவில் மூன்று பேருக்கும் பங்கிருக்கிறது, ஒருவர் பெயரை மட்டும் விடுவது அங்கேயும் பொய் சொல்வதாகும்.

பெயர்களை உரக்கப் படித்தபோது கோவிலில் இருந்தவர்கள், மகனும் வந்திருக்கிறானோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா திரும்பவில்லை. பூசை முடிந்ததும் படியில் இறங்கக் கை கொடுத்தேன். அம்மா பிடித்துக்கொள்ளவில்லை. சுவரைப் பிடித்துத் தாமே இறங்கி எனக்கு முன்னால் நடந்துபோனார்கள்.

ரோசாலி